தாடை ஆபரேஷன் வலிக்கு அல்ட்ராசவுண்ட் பாத்து நரம்பு பிளாக்: மொதல் தடவை போடப்போறவங்களுக்கு

மயக்கவியல் பிஜி சேந்து தாடை ஆபரேஷன் தியேட்டருக்கு மொதல் போஸ்டிங் வர்றவங்களுக்காக எழுதுறேன். கை கால் பிளாக்லாம் (நரம்புகிட்ட மருந்து போட்டு அந்த எடத்த மரக்க வைக்கிறது) ஓரளவு பாத்திருப்பீங்க, ஆனா முகத்துல ஊசின்னதும் கொஞ்சம் உதறும், உதறட்டும், அது நல்லதுதான். இதப் படிச்சுட்டு நேரா போய் தனியா போட்டுறாதீங்க, பக்கத்துல கை பழகுன சீனியர் இல்லாம இந்த ஊசிய தொடவே கூடாது. ஆபரேஷன் பண்ணிக்கப் போறவங்க படிச்சாலும் தப்பில்ல, கடைசியில வார்டு பத்தி எழுதியிருக்குறது அவங்களுக்கும் உதவும்.

மொதல்ல எதுக்கு இவ்ளோ மெனக்கெடுறோம்னு புரிஞ்சுக்கோங்க. தாடை எலும்ப வெட்டி நகத்தி பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டப்புறம் மேல்பல்லையும் கீழ்பல்லையும் ரப்பர் போட்டு இழுத்துக் கட்டியிருப்பாங்க, மூக்கு வழியா டியூப் போட்டதால மூக்கும் அடைச்சுக்கிட்டு இருக்கும், உதடு வீங்கி, முழுங்குன ரத்தம் வேற வயித்துக்குள்ள கெடக்கும். இந்த நெலமையில இருக்கிற ஒருத்தருக்கு வலிக்குதுன்னு மார்ஃபின் வகை மருந்த தாராளமா குடுத்தா குமட்டும், மப்பா தூங்குவாங்க, வாந்தி வந்தா வெளிய வர வழி இருக்காது. அந்த ஒரு ராத்திரிக்கு மார்ஃபின எவ்ளோ கொறைக்க முடியுமோ அவ்ளோ கொறைக்கத்தான் இந்த பிளாக். இதப் போட்டா வலியே தெரியாதுன்னு பேஷண்ட் கிட்ட வாக்கு குடுத்துறாதீங்க, கழுத்துப்பிடிப்பு, தொண்டை வலி, மூக்கு எரிச்சல்லாம் அப்படியேதான் இருக்கும்.

நரம்பு எங்க போகுதுன்னு மனசுல ஓடணும்

முகத்துக்கு உணர்ச்சி குடுக்கிறது பெரும்பாலும் அஞ்சாவது மண்டை நரம்பு, ட்ரைஜெமினல். மூணா பிரியும், நமக்கு வேண்டியது ரெண்டாவதும் மூணாவதும், தியேட்டர்ல வி2, வி3ன்னு சொல்லுவாங்க. வி2 மண்டையோட்டுல ஃபொரேமன் ரோட்டண்டம்ங்கிற ஓட்ட வழியா வந்து, மேல்தாடைக்குப் பின்னாடி இருக்கிற டெரிகோபாலட்டைன் ஃபோசாங்கிற சின்ன குழிக்குள்ள எறங்கும். மேல்தாடை, மேல்பல்லு, அண்ணம், மேலுதடு எல்லாம் அதோட வேல. வி3 ஃபொரேமன் ஓவாலே வழியா எறங்கி கன்ன எலும்பு வளைவுக்குக் கீழ ஆழத்துல வரும், கீழ்தாடை, கீழ்பல்லு, கீழுதடு, நாக்கோட முன்பகுதி அதோட பொறுப்பு. மெல்லுற தசைய ஆட்டுறதும் வி3தான், அதனால அத பிளாக் பண்ணா மரத்துப்போறது மட்டும் இல்லாம கடிக்கிற பலமும் கொஞ்ச நேரம் கொறையும்.

எல்லாரும் மறக்குற ஒண்ணு இருக்கு. காதுக்குக் கீழ தாடை வளையிற மூலை இருக்குல்ல, அந்தத் தோலுக்கு ட்ரைஜெமினல் போறதில்ல, கழுத்துலேருந்து ஏறி வர்ற கிரேட் ஆரிகுலர் நரம்பு போகுது, சி2 சி3ங்கிற கழுத்துத் தண்டுவட நரம்புகளோட பிள்ளை. வெளிய தோல் வழியா வெட்டி தாடை மூலை எலும்பு முறிவ சரி பண்ணும்போது வி3 பிளாக் மட்டும் போட்டுட்டு ஏன் வலிக்குதுன்னு முழிச்சவங்கள நான் பாத்திருக்கேன், நானும் ஒரு தடவ முழிச்சிருக்கேன்.

ஆக, மேல்தாடைய மட்டும் நகத்துற லெ ஃபோர்ட் 1 ஆபரேஷன்னா ரெண்டு பக்கமும் வி2. கீழ்தாடைய ரெண்டு பக்கமும் பிளந்து நகத்துறதுன்னா வி3. ரெண்டு தாடையும்னா நாலு ஊசி. வாய்க்கு வெளிய கீழ்தாடை மூலையில வெட்டுனா அந்த கிரேட் ஆரிகுலருக்காக கழுத்து பிளாக்கும் சேக்கணும். முகவாய்க்கட்டை மட்டும்னா சர்ஜன் வாய்க்குள்ள, முகவாய்க்கு வர்ற மென்டல் நரம்புகிட்ட போடுற சாதா ஊசியே போதும், அதுக்குப் போய் மெஷின உருட்டிக்கிட்டு வராதீங்க. வாய் வழியா கீழ்தாடை நரம்ப மரக்க வைக்கிறது 1884-85லயே ஹால்ஸ்டெட்ங்கிற அமெரிக்க சர்ஜன் கொக்கெய்ன் வச்சு பண்ணது, பல் டாக்டருங்க தெனமும் படமே பாக்காம போடுறாங்க. அல்ட்ராசவுண்ட் எதுக்குன்னா, இன்னும் ஆழமா, நரம்பு பிரியிறதுக்கு முன்னாடியே போய் புடிக்கும்போது வழியில ஒரு பெரிய ரத்தக்குழாய் குறுக்க நிக்குது, அதப் பாக்கறதுக்குத்தான்.

ஊசிக்கு முன்னாடி உங்க மூஞ்சியில பழகுங்க

இது சீரியஸா சொல்றது. அல்ட்ராசவுண்ட் மெஷின் சும்மா இருக்கிற நேரத்துல லீனியர் புரோப்ப (தோல் மேல வைக்கிற, முனை நேரா இருக்கிற கைப்பிடி) எடுத்து உங்க கன்ன எலும்பு வளைவுக்குக் கீழ, காது முன்னாடி இருக்கிற சின்ன மொட்டுக்கு முன்னால, படுக்கவாட்டுல வைங்க. ஒரு பக்கம் வெள்ளையா ஒரு கோடும் அதுக்குக் கீழ கருப்பு நிழலும் தெரியும். இப்ப வாயத் தொறந்து மூடுங்க. அந்த வெள்ளக் கோடு முன்னாடி வழுக்கிப் போயிட்டு திரும்பி வருதா, அதான் தாடையோட மூட்டு, காண்டைல். முன்பக்கம் தெரியிற இன்னொரு எலும்பு கோரோனாய்ட். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளந்தான் நமக்கு ஜன்னல். வாய கொஞ்சம் தொறந்து வச்சா கோரோனாய்ட் கீழ எறங்கி ஜன்னல் பெருசாகும், இத ஒரு தடவ உங்க முகத்துலயே பாத்துட்டா அப்புறம் மறக்கவே மறக்காது. ஜன்னலுக்குள்ள மேல மேசட்டர் தசை, அதுக்குக் கீழ லேட்டரல் டெரிகாய்ட் தசை, அடியில ஒரு வெள்ள எலும்புக் கோடு, அது லேட்டரல் டெரிகாய்ட் பிளேட். ரத்த ஓட்டத்த கலர்ல காட்டுற கலர் டாப்ளர் போட்டா துடிக்கிறது மேக்சில்லரி தமனி, சிலருக்கு லேட்டரல் டெரிகாய்ட் தசைக்கு மேல ஓடும், சிலருக்கு உள்ள ஓடும், அதனால போன பேஷண்டுக்கு எங்க இருந்துச்சுங்கிறத வச்சு இந்த பேஷண்டுக்கு ஊசி விடாதீங்க.

பத்து பேர் முகத்தையாவது ஸ்கேன் பண்ணுங்க, கூட வேல பாக்குறவங்க கொஞ்சம் சலிச்சுக்குவாங்க, பரவால்ல.

பேஷண்ட பாக்கும்போது

ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்குறாங்களான்னு கேளுங்க. வி2 வி3 போடுற எடம் அமுக்கிப் புடிச்சு ரத்தத்த நிறுத்த முடியாத ஆழம், அதனால முதுகு ஊசிக்கு எப்படி யோசிப்பீங்களோ அதே மாதிரி யோசிக்கணும். ஊசி போகிற எடத்துல சீழ், சருமத் தொற்று இருந்தாலோ மருந்து ஒத்துக்காதுன்னாலோ விட்டுருங்க. எடைய நீங்களே மெஷின்ல ஏத்திப் பாத்து எழுதுங்க, கேஸ் ஷீட்ல இருக்கறத நம்பாதீங்க.

அப்புறம் யாரும் செய்யாத வேல ஒண்ணு. ஒரு துணுக்கு பஞ்ச எடுத்து கீழுதடு, முகவாய், கன்னம் ரெண்டு பக்கமும் தொட்டுப் பாத்து உணர்ச்சி சமமா இருக்கான்னு கேட்டு எழுதி வைங்க. ரெண்டு நிமிஷ வேல. கீழ்தாடைய பிளக்குற ஆபரேஷன்ல உள்ள ஓடுற நரம்பு இழுபட்டு உதடு மரத்துப்போறது ரொம்ப சகஜம், எலும்பு முறிவு கேஸ்ல வரும்போதே மரத்துதான் இருக்கும். முன்னாடி எழுதி வைக்கலன்னா அடுத்த நாள் யார் மேல பழி வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

டோஸ் கணக்கு, இதுலதான் பாதிப்பேரு மாட்டுறாங்க

ஒரே பேஷண்டுக்கு மரப்பு மருந்து ரெண்டு கையிலேருந்து போகுது. நீங்க பிளாக்குக்கு ரோபிவகெய்ன் போடுவீங்க, சர்ஜன் ரத்தம் கொறையணும்னு வாய்க்குள்ள லிக்னோகெய்ன் அட்ரினலின் போடுவாரு. ரெண்டும் தனித்தனி லிமிட்டுக்குள்ள இருக்கேன்னு நெனச்சா தப்பு, ரெண்டோட நஞ்சும் ஒண்ணா கூடும்னு வச்சுதான் கணக்கு போடணும்.

60 கிலோ ஆள்னு வச்சுக்கோங்க. ரோபிவகெய்ன் கிலோவுக்கு 3 மில்லிகிராம்னா உச்சம் 180. 0.75 சதவீத மருந்துல பாதிக்குப் பாதி சலைன் கலந்தா 0.375 சதவீதம், அதாவது ஒரு மில்லியில 3.75 மில்லிகிராம். நாலு ஊசிக்கு அஞ்சு அஞ்சு மில்லி, மொத்தம் 20 மில்லி, 75 மில்லிகிராம், உச்சத்துல 42 சதவீதம். சர்ஜன் 2 சதவீத லிக்னோகெய்ன் அட்ரினலின் 10 மில்லி போட்டா 200 மில்லிகிராம், அதோட உச்சம் கிலோவுக்கு 7ன்னா 420, ஆக 48 சதவீதம். கூட்டுனா 90. சரியா இருக்கு. இப்ப கழுத்து பிளாக் ரெண்டு பக்கமும் அஞ்சு மில்லி சேக்கலாம்னு தோணுச்சுன்னா இன்னொரு 37.5 மில்லிகிராம், 21 சதவீதம், மொத்தம் 111, எல்லைய தாண்டியாச்சு. என்ன பண்ணணும்? மருந்த 0.2 சதவீதமா ஆக்குங்க, 30 மில்லி போட்டாலும் 60 மில்லிகிராம்தான், 33 சதவீதம், சர்ஜனோடத சேத்தா 81. பியூபிவகெய்ன்னா கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குள்ள நில்லுங்க, இதயத்துக்கு அது ரோபிவகெய்ன விட முரடு. இந்தக் கணக்க போர்டுல பெருசா எழுதி சர்ஜனுக்கு வாய்விட்டு சொல்லுங்க, நடுவுல இன்னொரு சிரிஞ்சு கேட்டா ஸ்டாஃப் சிஸ்டரே உங்கள திரும்பிப் பாப்பாங்க.

எப்போ போடணும்

மயக்கம் குடுத்து மூக்கு டியூப் போட்டு ஃபிக்ஸ் பண்ணினப்புறம், கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி. ஆபரேஷன் முடிஞ்சு போடலாம்னு ஒத்திப்போட்டா முகம் வீங்கி படம் மங்கிடும், ரப்பர் மாட்டினா வாயும் தொறக்காது. ஆனா ஒரு நஷ்டம் இருக்கு, ஊசி நரம்ப தொட்டாலும் மயக்கத்துல இருக்கிறவரு ஷாக் அடிக்குதுன்னு சொல்ல மாட்டாரு, அதனால மருந்த தள்ளும்போது கை கனமா இருந்துச்சுன்னா உடனே நிறுத்தி ஊசிய கொஞ்சம் பின்னால இழுக்கணும், முக்கித் தள்ளக்கூடாது.

கண்ண டேப் போட்டு மூடுங்க. சுத்தம் பண்ண ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின கண்ணு காது பக்கம் கொண்டுபோகாதீங்க, கருவிழிக்கு ஆகாது, உள்காதுக்கும் ஆகாது. தண்ணியில கரைச்ச பொவிடோன் அயோடின் போதும், காதுக்குள்ள பஞ்சு வச்சுருங்க. ஊசி தோல்ல எறங்குறதுக்கு முன்னாடி ஒரு நொடி எல்லாரும் நின்னு எந்தப் பக்கம்னு சத்தமா சொல்லுங்க, ரெண்டு பக்கமும் போடும்போது இது வேடிக்கையா தெரியும், ஒரு பக்கம் மட்டும் ஒடைஞ்ச கேஸ்ல இதுதான் காப்பாத்தும்.

கீழ்தாடைக்கு: வி3

தலைய எதிர்ப்பக்கம் லேசா திருப்புங்க, பல்லுக்கு நடுவுல பைட் பிளாக்குன்னு சொல்ற கடிகட்டைய வச்சு வாய ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் தொறந்து வைங்க. ஒல்லியான முகம்னா லீனியர் புரோப்லயே தெரியும், கன்னம் கனமா இருந்தா முனை வளைஞ்ச கர்வ்டு புரோப்புக்கு மாறுங்க. ஜன்னல கண்டுபுடிச்சு, டெரிகாய்ட் பிளேட்ட கண்டுபுடிச்சு, டாப்ளர் போட்டு தமனிய கண்டுபுடிச்சு, அது மூணும் ஒரே படத்துல வந்தப்புறம்தான் ஊசிய கேளுங்க. 22 கேஜ், 50 மில்லிமீட்டர், மழுங்கின முனை.

ஊசிய எந்தப் பக்கத்துலேருந்து விடுறதுங்கிறதுல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி, உங்க சீனியர் பழக்கத்த கேட்டுக்கோங்க, ஆனா புதுசுல ஊசி முழுசா தெரியிற மாதிரி புரோப்போட நீளத்துக்கு இணையா விடுறதுதான் எனக்குப் புடிக்கும். ஊசி நுனி எங்கன்னு தெரியலன்னா ஆட்டாதீங்க, கைய நிறுத்தி புரோப்ப தேடுங்க. பிளேட்ட தொட்டா அங்கயே நில்லுங்க, கொஞ்சம் வெளிய இழுத்து, பிளேட்டோட பின்விளிம்புக்குப் பின்னாடி போற மாதிரி சாய்ச்சு, தொட்ட ஆழத்த விட அரை சென்டிமீட்டருக்கு மேல போகாம நிறுத்துங்க. அதுக்கும் உள்ள போனா தொண்டைச் சுவரு, சிரிஞ்ச இழுத்தா காத்து வரும், வந்தா ஊசிய மாத்திட்டு மறுபடி ஆரம்பிக்கணும்.

ரத்தம் வருதான்னு இழுத்துப் பாத்து, ஒரு மில்லி போட்டு பரவுதான்னு பாருங்க. டெரிகாய்ட் தசை ஆழத்துலேருந்து மேல தூக்குற மாதிரி கருப்பா விரியணும். மருந்து போகுது ஆனா படத்துல எதுவுமே விரியலன்னா நுனி ரத்தக்குழாய்க்குள்ள இருக்கலாம், நிறுத்திருங்க. அப்புறம் ஒவ்வொரு மில்லிக்கும் ஒரு தடவ இழுத்துப் பாத்து நாலஞ்சு மில்லி.

மேல்தாடைக்கு: வி2

இதுக்கு ஊசி போகிற எடம் வேற, கன்ன எலும்பு வளைவுக்கு மேல. விரல வளைவோட மேல் விளிம்புல வச்சு முன்னாடி நகத்துனா, கண்குழியோட வெளி எலும்பு மேல ஏறுற எடத்துல ஒரு மூலை தட்டுப்படும், அந்தப் பள்ளந்தான். தோலுக்கு நேர் செங்குத்தா உள்ள விட்டா சுமார் 2 சென்டிமீட்டர்ல எலும்பு தட்டும், ஸ்பீனாய்டோட பெரிய இறக்கை. தட்டினதும் லேசா வெளிய எடுத்து, மூக்கோரத்துலேருந்து வாயோரம் வரைக்கும் எறங்குற மடிப்பு இருக்குல்ல, அதப் பாத்து முன்னாடியும் கீழயும் கொஞ்சமா சாய்ச்சு உள்ள விடணும். பெரியவங்களுக்கு மூணரையிலேருந்து நாலரை சென்டிமீட்டர் ஆழத்துல குழிக்குள்ள போயிருக்கும்.

புரோப்ப வளைவுக்குக் கீழ வச்சு மேல பாக்குற மாதிரி சாய்க்கணும், முன்னாடி மேல்தாடை எலும்பு, பின்னாடி ஸ்பீனாய்ட், நடுவுல குழி. இங்க ஊசி பெரும்பாலும் ஒரு புள்ளியாத்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது, மருந்து குழிக்குள்ள பரவுறதப் பாத்துதான் நம்பணும். பரவலன்னா போடாதீங்க. பெரியவங்களுக்கு ஒரு பக்கம் அஞ்சு மில்லி போதும், குழந்தைங்களுக்கு கிலோவுக்கு 0.15 மில்லி. நெறைய போட்டா கண்குழிக்குள்ள கசிஞ்சு கொஞ்ச நேரம் ரெட்டையா தெரியும், பார்வ மங்கலாம். ஊசி உள்ள இருக்கும்போது நாடித்துடிப்பு சட்டுன்னு எறங்குனா இந்த நரம்ப சீண்டுனதால இதயம் மெதுவாகுற ட்ரைஜெமினல் ரிஃப்ளெக்ஸா இருக்கலாம், கைய எடுங்க, தன்னால ஏறலன்னா அட்ரோபின்.

கழுத்து பிளாக் இந்த மூணுல சுலபமானது. கழுத்துப் பக்கத்துல ஸ்டெர்னோமாஸ்டாய்ட் தசையோட பின்விளிம்பு கூர்மையா முடியிற எடத்துல நடு உயரத்துல புரோப், அந்தத் தசைக்கு அடியில மேலோட்டமா அஞ்சு மில்லி. ஆழமா போனா மூச்சுக்கான ஃபிரெனிக் நரம்பு படுத்துக்கும், ரெண்டு பக்கமும் போடும்போது அது வெளையாட்டில்ல.

மருந்து ரத்தத்துல ஏறிருச்சுன்னா

முழிச்சிருக்கிறவங்களுக்கு வாய சுத்தி மரக்கும், காதுல ஒலிக்கும், அப்புறம் வலிப்பு. நம்ம பேஷண்ட் மயக்கத்துல இருக்காரு, இதுல எதுவும் தெரியாது, ஈசிஜி கோணலாகுறதும் பிரஷர் எறங்குறதுந்தான் மொதல் சேதி. இன்னொண்ணு, இங்க மூளைக்குப் போற ரத்தக்குழாய் ரொம்பப் பக்கம், தமனிக்குள்ள தவறிப்போனா ஒரு மில்லிக்கும் கொறைவான மருந்தே வலிப்புக்கு போதும், டோஸ் கணக்கு சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

அதனால இந்த நஞ்சுக்கு முறிப்பா குடுக்கிற 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (பால் மாதிரி இருக்கிற கொழுப்புக் கரைசல்) பாட்டில் எங்க இருக்குன்னு ஊசிக்கு முன்னாடியே போய் கண்ணால பாத்துட்டு வாங்க. 1998ல வைன்பெர்க்ங்கிற அமெரிக்க மயக்கவியல் டாக்டர் எலிகள்ல காட்டினது, 2006லதான் ஒரு மனுஷன் இதால பொழைச்சத பத்திரிகையில எழுதினாங்க. 70 கிலோவுக்குக் கீழ இருந்தா கிலோவுக்கு 1.5 மில்லி ரெண்டு மூணு நிமிஷத்துல, 60 கிலோவுக்கு 90 மில்லி, அப்புறம் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.25 மில்லி, அதாவது 15 மில்லி. மொத்தம் கிலோவுக்கு 12 மில்லிய தாண்டக்கூடாது. அட்ரினலின் தேவப்பட்டா சின்னச் சின்ன டோஸ், கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள்ள. வெள்ளையா இருக்கேன்னு மயக்க மருந்து புரோபோஃபால லிப்பிட்டுக்கு பதிலா குடுக்காதீங்க, பிரஷர இன்னும் கவுத்துரும்.

எழுப்புறதும் வார்டும்

பிளாக் போட்டாச்சேன்னு மத்ததெல்லாம் விட்டுறாதீங்க. பாராசிட்டமாலும், சிறுநீரகமும் வயிறும் சரியா இருந்தா வலிக்கான என்எஸ்ஏஐடி மருந்தும் தியேட்டர்லயே தொடங்கிருங்க. வீக்கத்துக்கும் குமட்டலுக்கும் எப்படியும் 8 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் நரம்புல போகும், அது பிளாக்கையும் கொஞ்சம் நீட்டிக் குடுக்கும், இனாமா கெடைக்கிறது.

தொண்டையில வச்ச துணி பேக் வெளிய வந்துருச்சான்னு எண்ணுங்க. நாக்கும் கீழ்வாயும் மரத்திருக்கும், எச்சி முழுங்குறது தடுமாறும், அதனால டியூப்ப முழுசா முழிச்சு சொன்னதச் செய்யிற வரைக்கும் எடுக்காதீங்க. தலைமாட்ட 30 டிகிரி தூக்கி வைங்க. ரப்பர் வெட்டுற கத்தரி, கம்பி கட்டியிருந்தா கம்பி கட்டர், பேஷண்ட் கூடவே போகணும், கட்டில் தலைமாட்டுல தொங்கணும். ஒரு கண்ண மூட முடியலன்னா பயப்படாதீங்க, முக நரம்பு கிளை மேல மருந்து பட்டிருக்கும், பிளாக் எறங்குனா சரியாகும், அதுவரைக்கும் கண்ணுல மருந்துக் களிம்பு போட்டு மூடி வைங்க.

வீட்டுக்காரங்க கிட்ட சொல்ல வேண்டியது: சூடா எதுவும் குடுக்காதீங்க, உதடு வெந்தாலும் தெரியாது. ஆறின தண்ணி, கொஞ்சங் கொஞ்சமா. உதட்டக் கடிச்சுக்கிறாங்களான்னு பாத்துக்கோங்க. எச்சி ஒழுகுனா பயம் இல்ல, ஆனா மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, கழுத்து இறுகி வீங்குனாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சிஸ்டர கூப்புடுங்க.

மரப்பு பொதுவா எட்டு பன்னெண்டு மணி நேரத்துல எறங்கும், காலையில கேஸ்னா ராத்திரி பத்து பதினொண்ணுக்கு வலி திடீர்னு ஏறும், அந்த நேரத்துல வார்டுல ஆளும் கொறைவு. அதனால வலி மாத்திரைய வலிச்சா குடுங்கன்னு எழுதாதீங்க, நேரம் போட்டு எழுதுங்க, மருந்து திரவமா இருக்கட்டும், வாய் கட்டியிருக்கிறவருக்கு மாத்திரை எழுதிட்டுப் போற ஆளுங்களும் இருக்காங்க.

மறுநாள் காலையில அதே பஞ்ச எடுத்துட்டுப் போய் முன்னாடி எழுதி வச்ச அதே எடங்கள தொட்டுப் பாருங்க. மேலுதடும் கன்னமும் திரும்பிருச்சு, கீழுதடு ஒரு பக்கம் மட்டும் இன்னும் மரத்திருக்குன்னா, ஒரு நாள் தாண்டியும் அப்படியே இருந்தா அத பிளாக் மேல போட்டுட்டு போயிராதீங்க, நேரம் போட்டு எழுதி சர்ஜன் கிட்ட நேர்ல சொல்லிட்டு வாங்க.